செம்புங்கன்: ஜாவாவின் உச்சி ஊரில் ஆறு நாள்

முதல் நாள்

காலை ஆறரைக்கு யோக்யகர்த்தாவில் கிளம்பியவன், இதை எழுதும்போது இரவு ஒன்பது மணி. கால்மாட்டில் தணல் அடுப்பு. மேலே இரண்டு கம்பளி. ஆகஸ்ட் மாதம், நில நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏழு டிகிரியில் இருக்கும் ஒரு தீவு, ஆனால் விரல் நடுங்குகிறது.

ஊர் பெயர் செம்புங்கன். மத்திய ஜாவாவில் வோனோசோபோ மாவட்டம், கெஜாஜார் வட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர். ஜாவாத் தீவில் இதைவிட உயரத்தில் வேறு கிராமம் இல்லை என்று ஊர் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தியெங் பீடபூமிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோயிலையும் கந்தகக் குழியையும் பார்த்துவிட்டு, விடியற்காலையில் இங்கே வந்து சூரிய உதயம் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவார்கள். எனக்கு அந்த ஒன்பது மணிக்கு அப்புறம் இந்த ஊர் என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை. அதனால் ஆறு நாள் ஒதுக்கினேன்.

யோக்யகர்த்தாவிலிருந்து மகெலாங், அங்கே பஸ் மாறி தெமாங்குங் வழியாக வோனோசோபோ. வழியில் கிளெடுங் கணவாய். வலப்பக்கம் சிண்டோரோ, இடப்பக்கம் சும்பிங், இரண்டும் 3,000 மீட்டரைத் தாண்டிய எரிமலைகள். நடுவில் நூல் மாதிரி ரோடு. இது புகையிலை அறுவடைக் காலம். ரோட்டோரம், வீட்டுக் கூரை, பள்ளிக்கூட மைதானம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மூங்கில் தட்டிகளைப் பரப்பி, சீவிய புகையிலையைக் காயவைத்திருக்கிறார்கள். தட்டிக்கு ரிகென் என்று பெயர். பஸ் ஜன்னலைத் திறந்தால் வெல்லப்பாகும் ஈர வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அது வோனோசோபோ வரைக்கும் கூடவே வந்தது.

வோனோசோபோவில் மினி பஸ். தியெங் அங்கிருந்து 26 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம். என் பக்கத்தில் ஒரு பெண்மணி மடியில் கோழிக்கூடையோடு. கூரையில் உர மூட்டைகள். ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு டிகிரி குறைவது தோலில் தெரிந்தது. தியெங் சந்திப்பில் இறங்கியபோது, தங்கும் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். தலையில் கம்பளிக் குல்லா, தோளில் கைலி. இங்கே ஆண்கள் கைலியை இடுப்பில் கட்டுவதைவிடத் தோளில் குறுக்கே போட்டுக்கொள்வதுதான் அதிகம். குளிர் கூடினால் அதையே தலையோடு போர்த்திக்கொள்கிறார்கள்.

வீட்டுக்காரரை நான் 'மாஸ்' என்று கூப்பிடுகிறேன். அண்ணன் என்று அர்த்தம். அவர் மனைவி 'ம்பாக்', அக்கா. அவர் அம்மா எல்லோருக்கும் 'எம்பா', பாட்டி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எம்பா உள்ளேயிருந்து "மொங்கோ, பினாரக்!" என்றார். உள்ளே வாங்க, உட்காருங்க. அழைத்து உட்காரவைத்தது கூடத்தில் அல்ல, நேராகச் சமையல்கட்டில்.

சமையல்கட்டுக்கு பாவோன் என்று பெயர். குளிர்கால ஜாவா வீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மண் அடுப்பு, விறகு, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னப் பலகைகள். வந்தவர், போனவர், பக்கத்து வீட்டுக்காரர், படிக்கிற பையன் எல்லோரும் அந்தப் பலகைகளில்தான். இப்படி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வதற்கு கெகெனி என்று ஒரு வார்த்தையே இருக்கிறது. கெனி என்றால் நெருப்பு. எம்பா என் கையைப் பிடித்து இழுத்து, நெருப்புக்கு எதிரே காட்டி, விரல் ஒவ்வொன்றையும் நீவிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஒரு கிண்ணத்தில் அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் வந்தது.

அந்தக் கிழங்கைப் பற்றி நாளைக்கு.

இரண்டாம் நாள்

இன்று சிகுனிர் மலைக்கு சூரிய உதயம் பார்க்கப் போவதாகத் திட்டம். போகவில்லை.

மூன்றரை மணிக்கு விழிப்பு வந்தபோது வீட்டில் எல்லோரும் எழுந்திருந்தார்கள். மாஸ் தலையில் கட்டும் டார்ச்சை மாட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். "உபாஸ்" என்றார். உபாஸ் என்றால் விஷம். முழுப் பெயர் எம்புன் உபாஸ், விஷப் பனி. வறண்ட காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேகமில்லாத இரவுகளில் இந்தப் பீடபூமியில் பனித்துளி உறைந்துவிடும். பார்க்க வெள்ளை. செடிக்கு அது விஷம்தான்.

நானும் கூடவே போனேன். தோட்டம் ஊருக்குக் கீழே, ஏரியைத் தாண்டி ஒரு பள்ளத்தில். குளிர் காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி இறங்கும். அதனால் மேட்டு வயல் பிழைக்கும்போது பள்ளத்து வயல் கருகும் என்று போகும் வழியில் விளக்கினார். டார்ச் வெளிச்சத்தில் வயல் முழுக்க உப்பைத் தூவின மாதிரி. நான் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஊசி ஊசியாகப் பனி நின்றது. இலை கண்ணாடிபோல் விறைத்து, விரல் பட்டதும் 'டக்' என்று முறிந்தது. கை சூட்டில் வெள்ளை கரைந்ததும் உள்ளே பச்சை இல்லை. வெந்த கீரை மாதிரி, கரும்பச்சையாக, சளசளவென்று இருந்தது.

இதற்கு மருந்து தண்ணீர்தான். வெயில் ஏறுவதற்குள் தண்ணீரைத் தூவிப் பனியைக் கழுவிவிட்டால் இலை பிழைக்க வாய்ப்பு உண்டு. டீசல் மோட்டார் ஏரியிலிருந்து தண்ணீரை இறைக்க, மாஸும் அவர் தம்பியும் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினார்கள். நான் குழாய் சிக்காமல் பின்னால் தூக்கிக்கொண்டு போனேன். சுற்றிலும் மலைச்சரிவெங்கும் இதே மாதிரி டார்ச் வெளிச்சங்கள் அலைந்தன. ஐந்தரைக்குக் கிழக்கு வெளுத்தது. பாதி வயல்தான் முடிந்திருந்தது.

அதே நேரத்தில் எங்களுக்கு மேலே, சிகுனிர் படிக்கட்டில் நூற்றுக்கணக்கான செல்போன் வெளிச்சங்கள் ஏறிக்கொண்டிருந்தன. தியெங் கோயில் புல்வெளியிலும் இந்நேரம் கூட்டம் இருக்குமாம். ஜாவாவில் பனி விழுகிறது என்று செய்தி வந்தால் நகரத்திலிருந்து கார்கள் திரண்டு வரும். உறைந்த புல்லைப் படம் எடுக்க நானும் ஆசைப்பட்டு வந்தவன்தான். அந்த வயலில் நின்றபோது கேமராவை எடுக்க மனம் வரவில்லை. மாஸிடம் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "வரட்டும். என் மச்சான் அங்கேதான் காபி விற்கிறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

சரி, இப்போது கிழங்கு.

எம்பா சின்ன வயதில் இங்கே சோளம், புகையிலை, முட்டைக்கோஸ். பூச்சிமருந்து தயாரிக்க வெள்ளைப் பூ ஒன்றும் பயிரிட்டிருக்கிறார்கள், பைரெத்ரம். சாப்பாடு சோளச் சோறு. 1980களில் உருளைக்கிழங்கு பீடபூமி முழுக்கப் பரவியது. மூன்று மூன்றரை மாதத்தில் கையில் காசு. தண்ணீர் இருந்தால் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம். ஓட்டு வீடு வந்தது, ஹஜ் பயணம் வந்தது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். கிழங்கில்தான் இந்த ஊரே எழுந்து நின்றது என்று எம்பா சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனால் மலையைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. உச்சிவரைக்கும் காடு இல்லை. கிழங்கு நடும் மண் பார்களெல்லாம் சரிவுக்குக் குறுக்கே இல்லாமல், மேலிருந்து கீழாக, சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஓடுகின்றன. ஏன் இப்படி என்று கேட்டேன். குறுக்கே பார் பிடித்தால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், கிழங்கு அழுகும், கருகல் நோய் ஒரே வாரத்தில் வயலைத் தின்றுவிடும். கீழ்நோக்கிப் பிடித்தால் தண்ணீர் வடிந்துவிடும். தண்ணீரோடு மண்ணும் போய்விடுமே என்றேன். "போகிறது. ஜனவரியில் வந்து பாருங்கள். என் வயல் ஓடையில் போவதை நீங்களே பார்க்கலாம்" என்றார் மாஸ்.

போன மண்ணுக்கு ஈடாகக் கோழி எரு. சமவெளிக் கோழிப் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக ஏறி வருகிறது. ஊர் நுழைவில் என்னை முதலில் வரவேற்றது அந்த மூட்டைகளின் நெடிதான். எரு, விதைக்கிழங்கு, மருந்து, டீசல் எல்லாம் கடன். கிழங்கு தோண்டினால்தான் கடன் அடையும். விட்டுவிட்டு வேறு பயிருக்கு மாறச் சொல்வது எளிது. அந்த இடைப்பட்ட மாதங்களுக்கு அடுப்பு எரிய வேண்டாமா?

மாலையில் பள்ளத்து வயலை மறுபடி போய்ப் பார்த்தோம். தண்ணீர் தெளித்த வரிசைகள் வாடியிருந்தாலும் பச்சை. தெளிக்காத வரிசைகள் தீயில் பொசுங்கினதுபோல் கருப்பு. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை.

மூன்றாம் நாள்

இன்று சிகுனிர் ஏறினேன். ஏரிக்கரையிலிருந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் படிக்கட்டு. குனிர் என்றால் ஜாவா மொழியில் மஞ்சள், நாம் குழம்பில் போடுகிற அதே மஞ்சள். விடியும்போது மலை அந்த நிறத்துக்கு மாறுவதால் இந்தப் பெயர் என்கிறார்கள் ஊரில். எதிரே சிண்டோரோ, அதன் பின்னால் சும்பிங், மெர்பாபு, தூரத்தில் மெல்லிய புகையோடு மெராபி. அடிவாரமெல்லாம் மேகம். அழகுதான், கண்ணில் நீர் வருகிற அழகு. படங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன, அதனால் இதோடு விடுகிறேன். இறங்கும் வழியில் கோலிக்குண்டு அளவுக் கிழங்குகளைத் தோலோடு பொரித்து, மிளகாய்த்தூள் தூவி விற்கிறார்கள். சந்தைக்கு ஆகாத பொடிக் கிழங்குக்கு இப்படி ஒரு விலை கிடைப்பது சந்தோஷமாக இருந்தது.

கீழே ஏரி. தெலாகா செபோங். செபோங் என்றால் தலைப்பிரட்டை. மேலிருந்து பார்த்தால் அந்த வடிவம். கரையோரம் வண்டல் மேடிட்டு, அதிலும் கிழங்கு நட்டிருக்கிறார்கள். குழாய்கள் கறுப்புக் கறுப்பாய்த் தண்ணீருக்குள் இறங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் வயலுக்கு. எது யாருடையது என்று குழம்பாமல் இருக்க நூல் கட்டியும் பெயின்ட் அடித்தும் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

வயல் வரப்புகளில் பப்பாளி மாதிரியே ஒரு சின்ன மரம். காரிகா. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையைச் சேர்ந்தது, ஜாவாவில் இந்தக் குளிருக்குப் பொருந்தி நின்றுவிட்டது. காய் கைப்பிடிக்குள் அடங்கும். பச்சையாகத் தின்றால் பால் நாக்கை அரிக்கும். தோல் சீவி, பாலைக் கழுவி, சர்க்கரைப் பாகில் வேகவைத்தால் மாம்பழமும் அன்னாசியும் சேர்ந்த மாதிரி மணம். ம்பாக் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து இதைச் சின்னக் கோப்பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மதியம் முழுக்க நானும் உட்கார்ந்து காய் சீவினேன். காரிகா மரத்துக்கு வருடா வருடம் மண்ணைக் கிளற வேண்டாம், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கிழங்கு வயலை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இந்த மரங்கள் தின்றால் நன்றாயிருக்கும் என்று எனக்கு ஆசை. ம்பாக்குக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கோப்பை விற்று வரும் காசு இன்னும் கிழங்குக் காசுக்குப் பக்கத்தில் வரவில்லை என்று நேராகச் சொன்னார்.

காய் சீவும்போது என் மடியில் வந்து சாய்ந்துகொண்டது பக்கத்து வீட்டுக் குழந்தை, நான்கு வயது. பின்மண்டையில் முடி சடைசடையாகத் திரிந்து, கயிறு மாதிரி தொங்கியது. இதை ரம்புட் கிம்பால் என்கிறார்கள். பிறக்கும்போது சாதாரண முடிதான். ஒன்றிரண்டு வயதில் கடும் காய்ச்சல் வரும், காய்ச்சல் விடும்போது முடி திரிந்திருக்கும். இந்தக் குழந்தைகள் கியாய் கொலோடேடே என்ற ஆதி முன்னோரின் பொறுப்பில் இருப்பவர்கள் என்பது தியெங் மக்களின் நம்பிக்கை. முடியை வெட்டினால் மறுபடி அப்படியே வளரும், காய்ச்சலும் வரும். குழந்தை தானாகக் கேட்டால்தான் வெட்டலாம். கேட்கும்போது கூடவே ஒரு பொருளையும் கேட்கும். ஆட்டுக்குட்டியோ, சைக்கிளோ, ஒரு முட்டையோ, எதுவானாலும் பெற்றோர் வாங்கிக் கொடுத்தே ஆகவேண்டும். அப்புறம் சடங்கு. வெட்டின முடியை வெள்ளைத் துணியில் சுற்றி ஏரியிலோ ஆற்றிலோ விடுவார்கள். 2010 முதல் நடக்கும் தியெங் பண்பாட்டு விழாவில் இது பல குழந்தைகளுக்கு ஒன்றாக நடக்கிறது.

குழந்தையின் அம்மாவிடம், இவள் என்ன கேட்டாள் என்று விசாரித்தேன். இன்னும் கேட்கவில்லையாம். "நாங்களும் கேட்கமாட்டோம். அவளாகச் சொல்லட்டும்" என்றார். அந்தச் சடையைச் சீவாமல், இழுக்காமல், எண்ணெய் தொட்டுத் தடவிக்கொடுத்த விரல்களின் நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. நான்கு வயதுக் குழந்தையின் சொல்லுக்காக ஒரு வீடே காத்திருக்கிறது.

நேற்று எழுத மறந்த ஒன்று. இங்கே 'சாப்பிடு' என்பதற்கு மூன்று வார்த்தை. நண்பனிடம் மங்கான். பெரியவரைப் பற்றிச் சொல்லும்போது டஹார். பெரியவரிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது நெடோ. எம்பா என்னிடம் மட்டும் பொறுமையாக மூன்றையும் சொல்லிக்கொடுத்தார். தான் சாப்பிடுவதைத் தாழ்த்தியும் எதிரில் இருப்பவர் சாப்பிடுவதை உயர்த்தியும் சொல்லும் ஒரு மொழி, அதுவும் ஒரே அடுப்படியில், ஒரே கிண்ணத்துக் கிழங்குக்கு.

நான்காம் நாள்

தியெங் கோயில்கள். செம்புங்கனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் கீழே.

தி என்றால் இடம், ஹியாங் என்றால் தெய்வங்கள். இரண்டும் சேர்ந்து தியெங் என்று விளக்கம் சொல்வார்கள். ஊர் இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. கிழக்குத் தியெங் வோனோசோபோவில், மேற்குத் தியெங் பஞ்சார்நெகாராவில். கோயில்கள் மேற்கில். எல்லாம் சிவன் கோயில்கள். இங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்றில் சக ஆண்டு 731 இருக்கிறது, அதாவது கி.பி. 809. ஜாவாவில் இன்று நிற்கும் கற்கோயில்களில் மிகப் பழையவை இவை. அர்ஜுனா, ஸ்ரீகண்டி, புந்தாதேவா, செம்பத்ரா, கடோத்கசா, பீமா என்று பெயர்கள். கட்டியவர்கள் வைத்த பெயர்கள் அல்ல இவை. நிழற்கூத்தில் பாண்டவர் கதையைப் பார்த்து வளர்ந்த மக்கள் பிற்காலத்தில் சூட்டியவை. சமவெளி சதுப்பாகிக் கோயில்கள் நீரில் நின்றிருந்தன. 19ஆம் நூற்றாண்டில் நீரை வடித்த பிறகுதான் முழுதாக வெளியே வந்தன.

அர்ஜுனா கோயில் மேற்கு பார்த்து நிற்கிறது. உள்ளே ஆவுடை மட்டும். வெளியே வடக்குச் சுவரில் கோமுகி. அபிஷேக நீர் வெளியேற, நம் கோயில்களில் எந்தப் பக்கம் இருக்குமோ அதே வடக்குப் பக்கம். அங்கே கொஞ்ச நேரம் கைவைத்து நின்றேன். ஸ்ரீகண்டி கோயிலின் மூன்று சுவர்களில் மூன்று பேர். வடக்கே விஷ்ணு, கிழக்கே சிவன், தெற்கே பிரம்மா. கல் நன்றாகத் தேய்ந்துவிட்டது, கைகளை எண்ணித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குப் பெரிய ஆனந்தம் பீமா கோயில். மற்றவற்றிலிருந்து தள்ளி, தனியாக, மேட்டில் இருக்கிறது. ஜாவாவில் இதுபோல் வேறு கோயில் இல்லை. விமானம் அடுக்கடுக்காக மேலே குவிந்து போகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் குதிரை லாட வடிவில் வளைவுகள், வளைவுக்குள் எட்டிப் பார்க்கிற முகங்கள். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்க்கிற ஆட்கள் மாதிரி. மாமல்லபுரத்து ரதங்களின் கொடுங்கையில் இதே வளைவுக்குள் இதே மாதிரி முகங்கள் உண்டு. அதற்குக் கூடு என்று பெயர். இந்தோனேசியத் தொல்லியல்காரர்களும் இதை 'கூடு' என்றே எழுதுகிறார்கள், விளக்கப் பலகையிலும் அப்படியே. அந்தப் பலகையின் முன்னால் நின்று அந்த வார்த்தையை நான்கைந்து தரம் வாய்விட்டுப் படித்தேன். இத்தனை தூரத்தில், உறைபனி விழும் ஒரு மேட்டில், நம் வீட்டுச் சொல் ஒன்று வேலையில் இருக்கிறது. முகங்கள் சில களவு போய்விட்டன, காலி வளைவுகள் இருட்டாகத் தெரிகின்றன. சட்டத்துக்குள் இருந்த முகத்தைப் பெயர்த்து எடுத்துப் போக யாருக்கு மனம் வந்ததோ.

கைலாசா அருங்காட்சியகத்தில் ஒரு நந்தி. காளைத் தலை, மனித உடல், சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, தோள்மேல் சிவன். வாகனத்துக்கு மனித உடல் கொடுக்கும் இந்த வழக்கத்தைத் தியெங்கில் பார்க்கலாம்.

கோயிலைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டால், கிழங்கு வயல். ஆயிரத்து இருநூறு வருடக் கல்லிலிருந்து ஒரு தெரு அகலத்துக்கு அப்பால் பிளாஸ்டிக் விரிப்பும் கோழி எருவும். வயல்களுக்கு நடுவே வெள்ளிக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. பூமிக்கடியிலிருந்து நீராவி எடுத்து மின்சாரம் செய்யும் நிலையம், 60 மெகாவாட். அப்புறம் சிகிடாங் கந்தகக் குழி. கிடாங் என்றால் மான். கொதிக்கும் வாய் இன்று இங்கே, கொஞ்ச காலம் கழித்து அங்கே என்று மான் மாதிரித் தாவுவதால் அந்தப் பெயர்.

தெலாகா வர்ணா ஏரிக்கரைக் குகைகளில் ஒன்று செமார் குகை. 1974 செப்டம்பரில் அதிபர் சுகார்த்தோ ஆஸ்திரேலியப் பிரதமர் கஃப் விட்லமை இங்கே அழைத்து வந்தார். கிழக்குத் திமோரின் எதிர்காலம் பேசப்பட்ட சந்திப்பு அது. அடுத்த வருடமே அங்கே இந்தோனேசியப் படை நுழைந்தது. குகை வாசலில் பூட்டு. முன்னால் ஒரு தட்டில் பூ.

ஐந்தாம் நாள்

மாஸின் தம்பி இன்று மேற்கே, பாதூர் பக்கம் கூட்டிப்போனார். பேச்சே வராத ஒரு பயணம்.

லெகெதாங் என்று ஒரு கிராமம் இருந்தது. 1955 ஏப்ரல் 16 இரவு, மழையில், எதிரே இருந்த பெங்காமுன்-அமுன் மலையின் ஒரு பகுதி பெயர்ந்து வந்து ஊரை அப்படியே மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் 332 பேர், அன்றைக்கு அங்கே வந்திருந்த வெளியூர்க்காரர்கள் 19 பேர். தோண்டி எடுக்க முடியவில்லை. ஊர் இருந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுத் தூண். தூணைச் சுற்றிக் கிழங்கு வயல். நாங்கள் போனபோது ஒரு பெண் தூணின் அடிப்படியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுக் களையெடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "மொங்கோ" என்று சிரித்தார்.

அங்கிருந்து சினிலா எரிமலைக் குழி. 1979 பிப்ரவரி 20, விடியுமுன். குழி வெடித்தது, நிலம் பிளந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓடிய பாதையில் கரியமில வாயு தாழ்வாகத் தேங்கியிருந்தது. நிறமில்லை, மணமில்லை. ஓடியபடியே விழுந்து இறந்தவர்கள் 149 பேர். கெபுசுக்கன் என்ற சிற்றூர் அதன்பின் வரைபடத்திலேயே இல்லை.

குளிர் காற்றும் பள்ளத்தைத் தேடும், அந்த வாயுவும் பள்ளத்தைத் தேடும். திரும்பும்போது தம்பி சொன்னார்: வயல் பள்ளத்தில் செடி வாடியோ குருவி செத்தோ கிடந்தால் உள்ளே இறங்கக்கூடாது என்று அப்பா சொல்லித்தான் வளர்த்தார். இப்போது அளவு காட்டும் கருவிகளும் எச்சரிக்கை ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. அவரும் தன் பிள்ளைக்குக் குருவியைச் சொல்லித்தான் கொடுக்கிறார்.

இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

ஆறாம் நாள்

கிளம்பும்போது எம்பா பையில் கிழங்கு போட்டார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. இன்னும் இரண்டு போட்டார்.

இறங்கும் வழியில் தூக் பீமா லுகார் என்ற ஊற்றில் நின்றோம். பழைய கல் தூம்புகளிலிருந்து கை நீட்டினால் விறைக்கிற தண்ணீர். செராயு ஆறு இங்கேதான் பிறக்கிறது. கௌரவர்களோடு போட்டி போட்டுப் பீமன் ஆடை களைந்து நின்று இந்த ஆற்றைத் தோண்டினான் என்று ஒரு கதை. பெயரும் அதைத்தான் சொல்கிறது. முகம் கழுவினால் இளமை தங்கும் என்று ஒரு பாட்டி என்னைக் கழுவச் சொன்னார், கழுவிக்கொண்டேன். குடிக்கலாம் போல அவ்வளவு தெளிவு.

இந்தத் தெளிவு கொஞ்ச தூரம்தான். வோனோசோபோ, பஞ்சார்நெகாரா, பாஞுமாஸ் தாண்டி சிலாசாப் பக்கம் இந்தியப் பெருங்கடலில் போய்ச் சேரும்வரை, மழைக்காலச் செராயு தியெங்கின் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. நடுவில் பஞ்சார்நெகாராவில் ம்ரிச்சா அணை. 1980களின் கடைசியில் மின்சாரத்துக்காகக் கட்டியது. கட்டியவர்கள் நினைத்ததைவிட வேகமாக வண்டல் நிரம்பிக்கொண்டிருக்கிறது. மாஸின் வயல் மண்ணும் அந்த அணையின் அடியில் எங்கோ படிந்துகிடக்கும்.

பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தது. கெஜாஜார் வரைக்கும் அந்தச் செங்குத்துப் பார்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு சரிவில் பார்கள் குறுக்கே போட்டு, வரப்பில் காரிகாவும் தீவனப் புல்லும் நட்டிருந்தார்கள். சரியாகப் பார்ப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

வோனோசோபோவில் மீ ஓங்க்லோக். மூங்கில் கரண்டியில் நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் பூண்டுத்தாளையும் போட்டு, கொதிநீரில் முக்கி முக்கிக் குலுக்குகிறார்கள். அந்தக் குலுக்கலுக்குத்தான் ஓங்க்லோக் என்று பெயர். மேலே கூழ் பதத்தில், காய்ந்த இறால் மணத்தோடு பழுப்புக் குழம்பு. தொட்டுக்கொள்ள தெம்பே கெமுல், புளிக்கவைத்த சோயாக் கட்டியை மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்தது. கெமுல் என்றால் போர்வை. ஆறு நாள் குளிருக்குப் பிறகு அந்த ஒரு கிண்ணம் உடம்பில் இறங்கியது எனக்குத்தான் தெரியும்.

இரவு பத்தரைக்கு யோக்யகர்த்தா. மின்விசிறி ஓடுகிறது, வியர்க்கிறது. பையைத் திறந்தால் கிழங்குகளோடு கறுப்பு மண்ணும் ஒரு கை அளவு உதிர்ந்திருக்கிறது.

காலையில் ம்பாக்கிடமிருந்து செய்தி. நேற்றிரவு மறுபடி உபாஸ் விழுந்திருக்கிறது. பள்ளத்து வயலில் மிச்சமிருந்ததும் போய்விட்டது, மேட்டு வயல் பிழைத்துவிட்டது. விதைக்கிழங்கு சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரம் நடப்போகிறார்கள். கடைசி வரியில், பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்டுவிட்டாளாம். இரண்டு பச்சைக் கோழிக்குஞ்சு. பச்சையில் கோழிக்குஞ்சுக்கு எங்கே போவது என்று எல்லோரும் சந்தைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.